நாலு சுற்று

என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள் என்ற சேதி எல்லாருக்கும் கடைசியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. முதலில் தெரிந்துகொண்டவர்கள், ஒரு சனிக்கிழமை மாலை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த நூற்றுச் சொச்சம் பேர். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் இன்னும் எத்தனையோ நூறு பேர். அத்தனை தடவையும் நானும் அதே அரங்கில்தான் இருந்தேன். மேடையில், அவளுக்கு மூன்றடி தள்ளி இடது பக்கத்தில், பாஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு.

எங்கள் குழுவுக்கு 'வெட்டுத்துண்டு' என்று பெயர். துணிச்சுருளின் கடைசியில், சட்டைக்குப் போதாமல் கைக்குட்டைக்கு அதிகமாக மிஞ்சுகிற துண்டை எங்கள் கடையில் அப்படித்தான் சொல்வோம். கடைக்கு மேலே இருக்கும் கிடங்கில்தான் ஒத்திகை. சுற்றிலும் துணி மூட்டை என்பதால் எதிரொலி கிடையாது, பக்கத்துக் கட்டடத்தார் சண்டைக்கும் வருவதில்லை. அதற்கு நன்றியாக வைத்த பெயர் என்றும் சொல்லலாம், வேறு பெயர் தோன்றவில்லை என்றும் சொல்லலாம்.

நாங்கள் வாசிப்பது என்ன இசை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் சோல் என்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுவது, ஃபங்க் என்பது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது, இரண்டுக்கும் நடுவில் என் மனைவி நின்று பேசுவாள். பாடமாட்டாள், பேசுவாள். அவள் எழுதிய கவிதையை, அடுப்படியில் நின்று யாரிடமோ விசாரிப்பதுபோல. அழுகிற பங்கு டீச்சருடையது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவர், மைக் முன்னால் வந்து பாடினால் கல்லும் மூக்கைச் சிந்தும். கீபோர்டு டாக்டர். கால்நடை மருத்துவமனையில் மருந்து கலக்குகிறவர். மாட்டுக்கும் நாய்க்கும் தவிர யாருக்கும் அவர் ஊசி போட்டதில்லை. டிரம்ஸ் என் மைத்துனன், அவளுடைய தம்பி. பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதையும் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன்.

ஃபங்க்கில் ஒரு சுற்றுக்கு நாலு அடி, அதில் முதல் அடிதான் எல்லாம். முதல் அடியை எல்லாரும் சேர்ந்து போட்டுவிட்டால் மற்ற மூன்றில் யார் எங்கே சுற்றப்போனாலும் கேட்பாரில்லை. ஆனால் என் மனைவியின் கவிதைக்கு அளவு கிடையாது. ஒருநாள் ஒரு வரியை இழுப்பாள், மறுநாள் அதையே முழுங்குவாள். அவள் வரி முடிகிற இடத்தில் எங்கள் முதல் அடி விழவேண்டும். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். டாக்டரும் டீச்சரும் மைத்துனனைப் பார்ப்பார்கள். மைத்துனன் என்னைப் பார்ப்பான். நான் அவளுடைய மூச்சைப் பார்ப்பேன்.

மூச்சு பார்ப்பது எனக்குக் கடையில் வந்த வித்தை. யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. துணி வாங்க வருகிறவர் வாயில் சொல்வது எதையும் நம்ப முடியாது. நாங்கள் சொல்வதும் அந்த லட்சணம்தான். "இது போன வருஷத்துச் சரக்குதானே?" என்பார். "நேத்துதான் மூட்டையைப் பிரிச்சோம்" என்போம். இருவருக்கும் தெரியும், மனத்தாங்கல் கிடையாது. கடைசியில் அவர், "சரி, வேற கடை பார்க்கிறேன்" என்று எழுந்திருப்பார். அந்த இடத்தில்தான் கவனிக்கவேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்தால், வாசல்படி வரை போய் நிற்பார். கூப்பிட்டால் வருவார், கூப்பிடுவதற்காகத்தான் நிற்கிறார். மூச்சை வெளியே விட்டால் போய்விட்டார். தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டார். பத்து வயதில் இது எனக்குத் தெரியும். என் அண்ணன்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்படி ஒன்பது வருஷம் அவள் மூச்சைப் பார்த்தேன். தோள் ஒரு நூல் ஏறினால் நீளமான வரி. மூக்கால் சுருக்கென்று இழுத்தால் ஒற்றைச் சொல். ஒன்பது வருஷத்தில் ஒரு முதல் அடி தவறியதில்லை. அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்கவேண்டாம். ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. நிகழ்ச்சி முடிந்து யாராவது என்னிடம், "அந்தக் கவிதைல அவங்க என்ன சொல்ல வர்றாங்க?" என்று கேட்டால், "அதை அவகிட்டயே கேளுங்க" என்பேன். எனக்கு அடக்கம் அதிகம் என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள்.

திங்கட்கிழமை காலை. நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவள். சாட்சி இருமினால் இருமினார் என்று எழுதுகிற உத்தியோகம். அன்றைக்கு வேலைக்குப் போகிற புடவையில் இல்லை.

"எனக்கு மாற்றல் வந்திருக்கு. சனிக்கிழமை மூணு மணி ரயில்" என்றாள்.

"மாற்றலா? எப்பக் கேட்ட?"

"ஆறு மாசமாச் சொல்லிட்டிருக்கேனே."

"என்கிட்டயா?"

"மைக்குல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "எந்தப் பாட்டுல?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். முகவரி தவறி வந்த தபாலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"ரெண்டு சாவி" என்றாள். "நடுவுல நாலு சுற்று விடுவேனே, அது."

அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாலு சுற்றில் அவள் பேசமாட்டாள், டீச்சர் பாடமாட்டார். டிரம்ஸ் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். எனக்காக விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததில் தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு உருட்டு உருட்டுவேன், மேலே ஏறி, கீழே சறுக்கி, கட்டைவிரலால் இரண்டு அறை. சனம் விசில் அடிக்கும்.

அன்றைக்கு மத்தியானம் மைத்துனனைத் தேடிப் போனேன். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டைப் பாதியில் நிறுத்தி, அதன் கூரைமேல் உட்கார்ந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்துவைத்து, அவன் முழங்காலோடு பேசினேன்.

"உனக்குத் தெரியுமாடா?"

"என்ன அத்தான் கேள்வி இது? எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் நினைச்சோம்."

"எனக்குத் தெரியாது."

முடுக்குகிற சத்தம் நின்றது. அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "அத்தான், அக்கா உங்க பக்கம் திரும்பித்தானே கேட்பா? நீங்க பாட்டுக்குக் கிட்டார்ல உருட்டுவீங்க. அது பதில்னு நினைச்சோம். என்ன பதில்னு எங்களுக்குள்ள ரெண்டு கட்சி. 'போகாதே'ன்னு சொல்றார்னு டீச்சர் அழுதாங்க. நான், 'தாராளமாப் போயிட்டு வா'ன்னு சொல்றீங்கன்னு நினைச்சு ஒரு மாசம் உங்ககூடப் பேசலை. கவனிச்சீங்களா?"

"இல்லை."

"அதையும் கவனிக்கலையா!"

"டாக்டர் எந்தக் கட்சி?"

"அவர் கட்சியே வேற. 'அவருக்குக் காதுல விழலைப்பா'ன்னார். நாங்க சிரிச்சோம்."

மாடு நாய் பார்த்துப் பழகியவர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்கள் அல்லவா? கன்னம் இருக்கும், தொட்டால் விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அந்த வாரம் அப்படி இருந்தது. சாப்பிட்டேன். தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன். அவள் பெட்டி அடுக்கினாள். மேல் அலமாரியில் இருந்த போர்வையை எடுத்துக்கொடுக்கச் சொன்னாள், எடுத்துக்கொடுத்தேன். "பெட்டி மூடுமா?" என்றேன். "உட்கார்ந்தா மூடும்" என்றாள். உட்கார்ந்தேன். மூடிக்கொண்டது.

ஒத்திகைப் பதிவுகள் என் போனில் இருந்தன. செவ்வாய்க்கிழமை கிடங்கில் தனியாக உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். முதல் வரி கேட்டது. இரண்டாவது வரி பாதி. அதற்குள் காது பழைய வேலைக்குப் போய்விட்டது. மூச்சு ஏறுகிறது, மூச்சு நிற்கிறது, இதோ விழப்போகிறது முதல் அடி. சொல்லெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழைபோல ஓடிற்று. நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் தொடையில் என் கை தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

டீச்சருக்குப் போன் செய்தேன். ஒன்றும் கேட்காமல் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்தார். கோடு போட்ட தாளில், பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டுகிற முத்து முத்தான எழுத்தில் முழுக் கவிதையையும் எழுதி வைத்திருந்தார்.

"பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பையன் மாதிரி இருக்கீங்க" என்றார். பிறகு, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

தாளில் இப்படி இருந்தது:

இந்த வீட்டுக்கு ரெண்டு சாவி.
ஒண்ணு ஆணியில தூங்குது,
ஒண்ணு என் பையில முழிச்சிருக்கு.
நாள் முழுக்க அடுத்தவங்க பேச்சை எழுதுறேன்,
ஒரு சொல் விடாம எழுதுறேன்.
'ஆமாங்க ஐயா', 'இல்லைங்க ஐயா', 'ஞாபகம் இல்லைங்க ஐயா.'
வீட்டுக்கு வந்தா என் பேச்சை எழுத ஆளில்லை.
சுவர்கிட்டச் சொன்னேன்,
அது ஒரு துண்டு சுண்ணாம்பை உதிர்த்துக் காட்டுச்சு.
உன்கிட்டச் சொன்னேன்.
வேற ஊர்ல ஒரு நாற்காலி காலியா இருக்காம்.
போய் உட்காரட்டுமா, இங்கயே நிக்கட்டுமா?
நீ சொல்லு.

இதற்குக் கீழே டீச்சர் நாலு கோடுகளைக் காலியாக விட்டிருந்தார். பிறகு:

சரி.
அப்போ ரெண்டு சாவியும் ஆணியிலயே தொங்கட்டும்.

மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல மேலிருந்து கீழே படித்தேன். நல்லா எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது. வேறு யாரோ எழுதி வேறு யாருக்கோ அனுப்பியதுபோலவும் தோன்றியது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அப்போது ஒரு அம்மாள் திரைத்துணி பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தை விரித்தேன், பச்சையை விரித்தேன். இனிமேல் மனிதர் சொல்வதைக் கேட்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்திருந்தேன். அவர், "நல்லாவே இல்லை" என்றார். அப்படியா என்று சுருட்டி வைத்தேன். "விலை ரொம்ப ஜாஸ்தி" என்றார். ஆமாம் என்றேன். "சரி, வேற கடை பார்க்கிறேன்" என்றார். "பாருங்கம்மா" என்றேன்.

வாசல்படியில் போய் நின்றார். செருப்பைச் சரிசெய்வதுபோல ரொம்ப நேரம் நின்றார். கடைசியில் திரும்பி, "என்னங்க, கூப்பிடவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே மனம் நொந்துபோய்க் கேட்டார். நான் பச்சைச் சுருளை அலமாரியில் செருகிவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டார். பெரிய அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவளிடம் பேசினேன். "படிச்சேன்" என்றேன்.

"யார் எழுதிக்கொடுத்தது?"

"டீச்சர்."

"அவங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்றாள்.

"முன்னாடி எல்லாம் நான் பதில் சொல்றேன்னு நினைச்சியா?"

"முதல் மாசம் நினைச்சேன். அழகா வேற வாசிச்ச. அப்புறம் அந்தப் பெரிய அரங்கத்துல வாசிச்சப்போ, உருட்டி முடிச்சிட்டு கைதட்டுக்குத் தலையாட்டின பாரு, அப்பத் தெரிஞ்சுபோச்சு. மறுநாள்தான் மாற்றலுக்கு எழுதிக்கொடுத்தேன்."

"இப்பச் சொல்றேன்" என்று வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றாள். "வீட்டுல வேண்டாம். எங்க கேட்டேனோ அங்க சொல்லு. சனிக்கிழமை காலைல ஒலிப்பதிவு இருக்கு. நாலு சுற்று உனக்கு இருக்கு."

"சொன்னா ரயிலை விட்டுடுவியா?"

"சொல்லு, பார்க்கலாம்" என்றாள்.

சொல்லுங்க, பார்க்கலாம். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பேச்சு. ஒன்பது வருஷம் வியாபாரக் குடும்பத்தில் இருந்ததில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் போலும்.

இரண்டு நாள் பதில் தயார் செய்தேன். பழக்கம் விடுமா? முதலில் 'போகாதே' என்று ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன். ஆரம்ப விலைக்கு அது கொஞ்சம் ஏற்றமாகத் தெரிந்தது. 'நானும் வரேன்' என்பதைக் கடைசிக்குக் கையிருப்பாக வைத்தேன். நடுவில் 'இனிமே கேட்கிறேன்' என்று ஒன்று. மூன்றையும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் சரக்கு நேற்றுதான் வந்தது என்று சொல்கிற குரலிலேயே வந்தன.

சனிக்கிழமை காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆணியைப் பார்த்தேன். ஒரு சாவிதான் தொங்கியது. என் பையில் ஒரு நகல் உண்டு, அது கணக்கில் வராது. அவளுடையது அவள் பையில் இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் பழைய கட்டடத்தின் முதல் மாடி. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. மற்ற குழுக்காரர்கள் தனித்தனியாக வாசித்துப் பிறகு ஒட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு அது ஆகாது, அவள் எப்போது முடிப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாரும் ஒரே அறையில், ஒரே மூச்சில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர், காதில் ஹெட்போனும் கையில் டீயுமாக. அவள் பெட்டி கதவோரம் நின்றது. டாக்டர் அதைச் சுற்றிக்கொண்டு போனார், படுத்திருக்கிற பிராணியைச் சுற்றிப் போவதுபோல. டீச்சர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மைத்துனன் குச்சியை விரலில் சுழற்றி, கீழே போட்டு, எடுத்தான். அவன் குச்சி விழுந்து நான் பார்த்ததில்லை.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

ஆரம்பித்தோம். நன்றாக வந்தது. எப்போதும்போல அவள் தோளைப் பார்த்தேன். முதல் அடி, முதல் அடி, முதல் அடி. டீச்சர் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார், டாக்டர் அதற்கு அடியில் பஞ்சு வைத்தார். "ஒரு துண்டு சுண்ணாம்பை உதிர்த்துக் காட்டுச்சு" என்றாள். எனக்குக் கேட்டது. "உன்கிட்டச் சொன்னேன்" என்றாள். அதுவும் கேட்டது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, ஆனால் ஊசி போட்ட கன்னத்தில் விழுகிற தண்ணீர்போல. விழுவது தெரிந்தது, குளிரவில்லை.

"நீ சொல்லு."

என் பக்கம் திரும்பினாள். நான் தோளை விட்டு முகத்தைப் பார்த்தேன்.

முதல் சுற்று. மைத்துனன் டிரம்ஸின் பித்தளைத் தட்டை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். 'போகாதே' என்பது நாக்கின் நுனிக்கு வந்தது. வாய் திறந்துதான் இருந்தது.

இரண்டாவது சுற்று. வாய் வரவில்லையென்றால் கையாவது வந்திருக்கவேண்டும். ஆறு மாதம் தானாக ஓடிய கை. கம்பியின் மேல் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன கையுறைபோல.

மூன்றாவது சுற்றில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆறு மாதமும் இந்த இடத்தில், 'சரி' என்பதற்கு முன்னால், அவள் மூச்சை உள்ளே இழுப்பாள். மூக்கால், சுருக்கென்று. அதை வைத்துத்தான் நான் முதல் அடியைப் பிடிப்பேன். ஒவ்வொரு தடவையும் உள்ளேதான் இழுத்தாள். ஒரு தடவைகூட மாறியதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பத்து வயதிலிருந்து தெரிந்தவன் நான். கவிதை புரிந்திருக்கவே வேண்டியதில்லை.

நாலாவது சுற்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவுக்காரர் டீயை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்று முடிகிற இடத்தில் தோள் ஏறவில்லை. இறங்கியது. மூச்சு வெளியே போயிற்று, நீளமாக, அவசரமில்லாமல்.

"சரி" என்றாள்.

முதல் அடியைப் போட்டேன். நூல் பிசகாமல் விழுந்தது. எல்லாரும் சேர்ந்து விழுந்தோம்.

பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் குரல் வந்தது. "நடுவுல பாஸ் வரலையே சார். இன்னொரு தடவை போயிடலாமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "இதுவே இருக்கட்டும். நேரமாச்சு."

மைத்துனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். கதவருகில் அவள் நின்று, பையைத் துழாவி, சாவியை எடுத்து என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தாள். "ஆணியில மாட்டிடு" என்றாள்.

"மாட்டிடறேன்."

"சாப்பிட்டுக்க."

"ம்."

டீச்சர் அவளோடு இறங்கிப்போனார். டாக்டர் ரொம்ப நேரம் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். போகும்போது என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டுக்கு ஊசி போட்ட பிறகு தட்டுவாரே, அதே இடத்தில்.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுக்காரர் உள்ளே கூப்பிட்டார். அந்த நாலு சுற்றைப் போட்டுக் காட்டினார். தட்டு மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த மூச்சு.

"பாஸ் இல்லாததால இது ரொம்பத் தெரியுது சார். எடுத்துடட்டுமா? சுத்தமா இருக்கும்."

"எது?"

"அவங்க மூச்சு."

"இருக்கட்டும்" என்றேன்.

மூன்று மணிக்குக் கடையில் இருந்தேன். ஒருவர் படுக்கை விரிப்பு கேட்டார். ஆறு எடுத்துப் போட்டேன். ஒன்று மங்கல், ஒன்று முரடு, மற்றதெல்லாம் பார்த்த மாதிரியே இருக்கிறது என்றார். நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை உள்ளே இழுத்து, "சரி, வேற கடை பார்க்கிறேன்" என்று எழுந்தார்.

வாசல்படிக்குப் போனார். நின்றார்.

"அண்ணே," என்று கூப்பிட்டேன், "வாங்க, உட்காருங்க."

திரும்பி வந்தார்.